வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களும் பிணை நின்றவர்களும் அறிந்திருக்க வேண்டியவை



சில காலத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, பிரட்டு கலைந்த நேரம், கொழுந்தெடுக்கும் ஒரு தாய் கையில் ஒரு கடிதத்தோடு நமது அலுவலகத்துக்கு வந்தார். மலைக்குப் போகாமல், அன்றைய பேரையும் விட்டுவிட்டு வந்திருந்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று லயத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏதோ விபரீதம் என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருந்தது.

நாம் வாசித்துப் பார்த்தோம். மகன் லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டிக்கு இந்தத் தாய் பிணை நின்றவர். மகனால் தவணை கட்ட முடியாமல் போகவே, எட்டு மாதங்களுக்கு முன் வண்டியைக் கம்பனிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டார். அத்தோடு தொல்லை விட்டது என்றே வீட்டார் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடிதமோ வேறு கதை சொன்னது. வண்டி ஏலத்தில் விற்கப்பட்டதாம். விற்ற காசு கடனுக்குப் போதவில்லையாம். மீதியைப் பிணையாளர் 14 நாட்களுக்குள் கட்டவேண்டுமாம்.

"வண்டியத்தான் குடுத்துட்டோமே சேர், பெறகு எதுக்குக் காசு கேக்குறாங்க?" என்று அந்தத் தாய் கேட்டார்.

வண்டியைக் கொடுத்த நாளில் கம்பனி தந்த காகிதத்தைக் காட்டும்படி நாம் மகனைக் கேட்டோம். காகிதம் இல்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாராம், பிரதி வாங்கவில்லையாம். கம்பனியின் அறிக்கையில் "வண்டி ஓடும் நிலையில் இல்லை, டயர்கள் தேய்ந்தவை, ஸ்பெயார் வீல் இல்லை" என்று எழுதியிருந்தது. "நாந்தானே சேர் வண்டிய ஓட்டிக்கிட்டே போய் விட்டேன், ரெண்டு டயர் புதுசு" என்று தம்பி சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் காட்ட ஒரு படம் கூட அவர் கையில் இல்லை.

இந்தத் தொல்லை ஒரு வீட்டோடு நிற்கவில்லை. இன்று நமது தோட்டங்களில் பல லயங்களின் முன்னால் லீசிங் வண்டி நிற்கிறது. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு அது ஒரு பிழைப்பு. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதுதான் கைகொடுக்கிறது. ஆகவே லீசிங்கே வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. எடுத்த வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

வண்டி யாருடையது?

முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். லீசிங் என்பது குத்தகை. இலங்கையில் இதற்கென 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இருக்கிறது. வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு பெயர் இருக்கும். பதிவு பெற்ற உரிமையாளர் என்று உங்கள் பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டி, அந்த இரண்டாவது பெயரை நீக்கும் வரை வண்டி சட்டப்படி முழுமையாக உங்களுடையது ஆகாது.

பிரித்தானியா போன்ற நாடுகளில் வழக்கம் சற்று வேறு. அங்கே புதுக் காரை இரண்டு மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்து, காலம் முடிந்ததும் கம்பனிக்கே திருப்பிக் கொடுப்பது சாதாரண விஷயம். கொடுக்கும் நாளில் கம்பனியின் ஆள் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, கீறல், நெளிவு, டயர், ஓடிய தூரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். ஓடினால் தேய்வது இயல்பு, அதற்குக் காசு இல்லை. அதற்கு மேற்பட்ட சேதத்துக்குக் காசு கட்டவேண்டும். எது தேய்மானம், எது சேதம் என்று பிரித்துச் சொல்வதற்கு அங்குள்ள வாகன வாடகை, லீசிங் சங்கம் ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. அங்கே கார் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து, திருப்பிக் கொடுப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்னமே தாங்களே காரைப் பரிசோதித்துக்கொள்கிறார்கள்.

நமது நாட்டில் பெரும்பாலும் தவணை முடிந்தால் வண்டி நமக்கு. தவணை கட்ட முடியாதவர்தான் வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறார். அதனால் வெட்கத்தோடும் பயத்தோடும், "தொலைஞ்சா போதும்" என்ற மனநிலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். அந்த மனநிலையில்தான் எல்லாப் பிழையும் நடக்கிறது.

கடன் எப்படி மிஞ்சுகிறது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் போட்ட கணக்கு.

கம்பனிக்கு இன்னும் கட்டவேண்டியது 6 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஏலத்தில் 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்குப் போகிறது. வண்டியை வைத்திருந்த செலவு, ஏலச் செலவு என்று 30 ஆயிரத்தைக் கம்பனி கழிக்கிறது. ஆக, உங்கள் கடனில் கழிவது 4 இலட்சத்து 20 ஆயிரம்தான். மீதி 1 இலட்சத்து 80 ஆயிரம் உங்கள் தலையிலேயே நிற்கும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தின்படி பார்த்தால், இது 133 நாள் பேருக்கும் மேல். வண்டியும் இல்லை, கடனும் இருக்கிறது.

இப்போது இதே வண்டிக்கு வெளியில் 6 இலட்சத்து 50 ஆயிரம் தர ஒரு ஆள் இருந்தார் என்று வையுங்கள். கம்பனியின் சம்மதத்தோடு அவருக்கு விற்றிருந்தால் கடன் முழுக்கத் தீர்ந்து 50 ஆயிரம் கையிலும் மிஞ்சியிருக்கும். ஒரே வண்டிதான். விற்ற வழிதான் வித்தியாசம்.

ஏலத்துக்கு வருபவர்கள் வண்டி வியாபாரிகள். குறைந்த விலைக்கு எடுத்து, கூடிய விலைக்கு விற்பது அவர்கள் தொழில். சேறும் சகதியுமாக, பட்டரி இறங்கி, ஹூட் கிழிந்து நிற்கும் வண்டிக்கு அவர்கள் இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள். குறையும் ஒவ்வொரு ரூபாவும் உங்கள் கணக்கிலும் பிணை நின்றவர் கணக்கிலும்தான் ஏறும்.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. விலை ஏறியிருந்த நேரத்தில் பெரிய கடன் போட்டு வாங்கிய வண்டி, விலை இறங்கிய நேரத்தில் ஏலத்துக்குப் போனால் பள்ளம் இன்னும் பெரிதாகும்.

கொடுப்பதற்கு முன் மூன்று வழிகளைப் பாருங்கள்

ஒரு தவணை தவறினாலே போனை அணைத்துவிட்டு ஒளிந்து திரியும் பழக்கம் நமது பொடியன்மாரிடம் இருக்கிறது. அது நல்லதல்ல. ஒளிந்திருக்கும் நாளிலும் தாமத வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். முதல் தவணை தவறும்போதே கம்பனியின் கிளைக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.

முதலாவது வழி, தவணையை மாற்றியமைக்கக் கேட்பது. காலத்தைக் கூட்டி மாதக்கட்டைக் குறைக்கும்படி கேட்கலாம். இதில் மொத்த வட்டி கூடும். ஆனாலும் வண்டி ஓடி உழைத்துக்கொண்டிருந்தால் இது உதவலாம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது வழி, நாம் முன்பு கூறியபடி கம்பனியின் சம்மதத்தோடு விற்பது. "இன்றைக்கு முழுக் கடனையும் ஒரேயடியாக முடிப்பதென்றால் எவ்வளவு?" என்று கேட்டு, அந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அத்தொகை எந்தத் திகதி வரை செல்லும் என்பதும் அதில் இருக்கவேண்டும். வாங்குபவரைக் கம்பனிக்கே கூட்டிப்போய், காசு நேரே கடன் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "நீ குடு, மிச்சத் தவணைய நான் கட்டிக்கிறேன்" என்று சொல்பவரிடம் கம்பனிக்குத் தெரியாமல் வண்டியைக் கைமாற்றிவிடாதீர்கள். அவர் கட்டாமல் விட்டால் கம்பனி உங்களைத்தான் தேடிவரும். வண்டி எங்கே நிற்கிறது என்று கூட உங்களுக்குத் தெரியாது. விபத்து நடந்தாலும் பதிவுப் புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர்தான். நண்பன், சொந்தக்காரன் என்று பார்த்து ஏமாந்தவர்கள் நமது பிரிவுகளிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது வழிதான் வண்டியைக் கம்பனிக்கே கையளிப்பது. மற்ற இரண்டும் சரிவராத போதுதான் இதற்கு வரவேண்டும். அப்படி வந்துவிட்டால், ரோட்டில் மறித்துத் தூக்கிக்கொண்டு போகும்வரை காத்திருக்காமல் நாமே ஆயத்தமாகிக் கொடுப்பது நல்லது. தூக்கிய வண்டிக்குத் தூக்கிய செலவும் நம் கணக்கில் ஏறும். அவசரத்தில் நம்முடைய சாமான்களும் வண்டியோடு போய்விடும்.

வண்டியை ஆயத்தம் செய்வது

கையளிக்கும் திகதிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் காகிதங்கள். லீசிங் ஒப்பந்தப் பிரதி, கட்டிய தவணைகளின் பற்றுச்சீட்டுகள், பதிவுப் புத்தகத்தின் பிரதி, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பைலில் சேருங்கள். கராஜில் செய்த வேலைகளுக்கும், வாங்கிய டயர், பட்டரிக்கும் பில் இருந்தால் அவற்றையும் சேருங்கள். பில் இருந்தால்தான் "இது புது டயர்" என்ற பேச்சுக்கு மதிப்பு. எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி எடுத்து ஒரு தொகுதியை வீட்டில் வையுங்கள்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் வண்டியை நீங்களே சுற்றிப் பாருங்கள். முடிந்தால் வண்டி வேலை தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கவேண்டும். இயந்திரம் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறதா, புகை கக்குகிறதா, கியர் சரியாக விழுகிறதா, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். லைட், சிக்னல், ஹோர்ன், வைப்பர் எல்லாம் வேலை செய்யவேண்டும். மூன்று டயரும் ஸ்பெயார் வீலும் எந்த நிலையில் இருக்கின்றன, முன் கண்ணாடியில் வெடிப்பு உண்டா, ஹூட்டும் சீட்டும் கிழிந்திருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ரோட்டின் கல்லும் மழைத்தண்ணீரும் அடித்தட்டைத்தான் முதலில் தின்னும். ஆகவே குனிந்து அடியையும் பாருங்கள். சேசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள்.

எதைத் திருத்துவது, எதை விடுவது?

எல்லாவற்றையும் திருத்தப் போனால் கையில் இல்லாத காசையும் செலவழிப்போம். இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சின்னச் செலவில் கண்ணுக்குத் தெரியும் குறையைப் போக்கலாம் என்றால் செய்யுங்கள். எரியாத பல்ப், உடைந்த பக்கக் கண்ணாடி, கழன்ற ரப்பர், தையல் விட்ட சீட், ஹூட்டில் சிறு கிழிசல், சார்ஜ் இறங்கிய பட்டரி போன்றவை இந்த வகை. மற்றபடி இயந்திரத்தை இறக்கிக் கட்டுவது, முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பது போன்ற பெரிய வேலைகளில் இறங்காதீர்கள். போடும் காசு ஏலத்தில் திரும்பி வரும் என்று நம்பமுடியாது.

விபத்துச் சேதம் இருந்தால், அது முழுக் காப்புறுதியில் அடங்குமா என்று கையளிப்பதற்கு முன்னரே கேளுங்கள். வருடாவருடம் காப்புறுதிக்குக் காசு கட்டிவிட்டு, உரிய கோரிக்கையை விடாமல் வண்டியை நெளிந்தபடியே கொடுத்துவிட்டு வருபவர்கள் பலர்.

பிறகு வண்டியை நன்றாகக் கழுவுங்கள். செம்மண் சேறு ஒட்டிய வண்டி, இல்லாத குறையையும் இருப்பதாகக் காட்டும். உள்ளே தரை விரிப்பைத் தூக்கிக் கழுவிக் காயவையுங்கள். காயாமல் மூடிவைத்தால் நாற்றம் வரும், துருவும் ஏறும்.

பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கர், அலங்கார லைட் போன்று நீங்கள் உங்கள் காசில் பூட்டியவற்றைக் கழற்றலாமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்தும் கம்பனியைக் கேட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கழற்றலாம் என்றால் வயரைப் பிய்த்து, ஓட்டை தெரிய விடாமல் ஒழுங்காகக் கழற்றுங்கள். வண்டியோடு வந்த ஜெக், சாவிகள், ஸ்பெயார் வீல் ஆகியவற்றைக் கழற்றி விற்கக்கூடாது. புது டயரைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டிக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். அது கெட்டித்தனம் போலத் தோன்றும். ஏலத்தில் விலை குறையும்போது நட்டம் நமக்கும் பிணை நின்ற தாய்தகப்பனுக்கும்தான்.

சாமி படம், பிள்ளையின் புத்தகம், மருந்துத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி என்று வண்டிக்குள் கிடப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு தம்பியின் சாரதி அனுமதிப்பத்திரம் சீட்டுக்கு அடியில் வண்டியோடேயே போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்க அவர் மூன்று தடவை டவுனுக்கு அலைந்தார்.

படம் எடுத்து வையுங்கள்

கழுவிய வண்டியைப் பகலில் முற்றத்தில் நிறுத்தி, கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். முன், பின், இரண்டு பக்கம், கூரை, உள்பக்கம், ஒவ்வொரு டயர், ஸ்பெயார் வீல், இயந்திரம், இலக்கத் தகடு, சேசி இலக்கம், ஓடிய தூரம் காட்டும் மீட்டர் எல்லாம் படத்தில் இருக்கட்டும். குறை உள்ள இடத்தையும் மறைக்காமல் எடுங்கள். "இந்தக் கீறல் இவ்வளவுதான்" என்று பிறகு காட்ட அது உதவும். வண்டியை ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் ஓட்டுவதை வீடியோவாகவும் எடுங்கள். படங்களை வீட்டில் இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு போன் உடைந்தாலும் மற்றதில் இருக்கும்.

கையளிக்கும் நாள்

தனியாகப் போகாதீர்கள். வாசிக்கத் தெரிந்த, நிதானமான ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிணை நின்றவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகன் வண்டியைக் கொடுத்த விஷயமே பல தாய்மாருக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரியவருகிறது. காலையிலேயே போனால் வெளிச்சம் இருக்கும்போதே பரிசோதனை முடியும். மாலையில், மழையில், அவசரத்தில் கொடுக்கும் வண்டியை யாரும் ஒழுங்காகப் பார்த்து எழுதமாட்டார்கள்.

கம்பனியின் ஆள் வண்டியைப் பார்த்து எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அவர் குறை எழுதினால் கோபப்பட வேண்டாம். உண்மையான குறையென்றால் ஒத்துக்கொள்ளுங்கள். பிழையாக எழுதினால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள். "சேர், இந்த டயர் ரெண்டு மாசத்துக்கு முன்ன போட்டது, இந்தா பில்லு" என்று காட்டுங்கள். அவர் திருத்த மறுத்தால், "இதனுடன் எனக்கு உடன்பாடில்லை" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதி, அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பத்திரத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

1. வண்டியின் பதிவு இலக்கம், சேசி இலக்கம், ஓடிய தூரம்.
2. வண்டி ஓடும் நிலையில் ஒப்படைக்கப்பட்டதா என்ற விபரம்.
3. டயர், பட்டரி, ஸ்பெயார் வீல், ஜெக், சாவிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் நிலையும்.
4. உள்ள சேதங்கள்.
5. ஒப்படைத்த திகதியும் நேரமும்.
6. பெற்றுக்கொண்டவரின் பெயர், பதவி, கையெழுத்து, கம்பனி முத்திரை.

நேரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நீங்கள் காலை பத்து மணிக்குக் கொடுத்த வண்டியை யாரோ பகல் ஓட்டிப்போய் எங்காவது மோதினால், அந்த நேரத்தில் வண்டி உங்களிடம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

வெற்றுக் காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாத மொழியில் எழுதியிருந்தால் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். விளங்காவிட்டால் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் பிறகு போடலாம். "எல்லாரும் போடுறதுதான், நீயும் போடு" என்பது விளக்கமல்ல. பிரதி வாங்காமல் அந்த வாசலை விட்டு வெளியே வராதீர்கள்.

கொடுத்த பிறகு

வண்டி போனாலும் வேலை முடியவில்லை. உங்கள் விலாசம், தொலைபேசி இலக்கம் மாறினால் கம்பனிக்கு அறிவியுங்கள். கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் கடிதங்கள் வீட்டில் யாராலும் திறக்கப்படாமல் கிடக்கும். வண்டியைக் கையளித்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவையுங்கள்.

வண்டிக்கு என்ன மதிப்பு போட்டார்கள், எப்போது விற்கிறார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள், என்னென்ன செலவு கழித்தார்கள், மீதி எவ்வளவு என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். விற்பதற்கு முன் வாங்க ஆள் கிடைத்தால் அவரையும் கம்பனிக்குத் தெரியப்படுத்துங்கள். வந்த கணக்கில் பிழை இருந்தால் உங்கள் படங்களையும் பத்திரத்தையும் வைத்து மறுமொழி எழுதுங்கள். கணக்கு சரியென்றால் ஒரேயடியாகக் கட்டமுடியாது, மாதாமாதம் இவ்வளவு கட்டுகிறோம் என்று கேளுங்கள். சும்மா இருப்பது மட்டும் கூடாது. சும்மா இருந்தால் விஷயம் நீதிமன்றம் வரை போகலாம்.

கம்பனியில் நியாயம் கிடைக்காவிட்டால், லீசிங் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கை மத்திய வங்கிக்கு முறையிடலாம். நிதிச் சேவை பெறுவோரின் பாதுகாப்புக்கென மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. நுகர்வோர் முறைப்பாட்டுக்கென 1935 என்ற துரித தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியையும் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. வண்டியைத் தேடி வருபவர்கள் அடித்தால், மிரட்டினால், அதற்கு எந்தக் கம்பனிக்கும் உரிமை கிடையாது. உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை

கடைசித் தவணையைக் கட்டி, வீட்டில் பொங்கல் வைத்துக் கொண்டாடியவர்களும் பாதி வேலையை விட்டுவிடுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் கம்பனியின் பெயர் அப்படியே கிடக்கும். பல வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் தெரியவரும். அதற்குள் கம்பனி இன்னொன்றோடு சேர்ந்திருக்கலாம், கிளை மூடப்பட்டிருக்கலாம்.

ஆகவே கடைசித் தவணையோடு, கடன் முழுதும் தீர்ந்தது என்ற கடிதத்தையும், மூலப் பதிவுப் புத்தகத்தையும், முழு உரிமையாளர் பெயரை நீக்குவதற்கு வேண்டிய பத்திரங்களையும் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள். தாமதக் கட்டணம் என்று சில நூறு ரூபா பாக்கி நின்றாலும் கடிதம் கிடைக்காது. அதையும் கேட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கிக்கொள்ளுங்கள். அன்றுதான் வண்டி உங்களுடையது.

அந்தத் தாயின் விஷயம்

ஆரம்பத்தில் சொன்ன தாய்க்காக நாம் கம்பனிக்குக் கடிதம் எழுதினோம். ஏலக் கணக்கைக் கேட்டோம். இரண்டு தடவை எழுதிய பின் கணக்கு வந்தது. டயரைப் பற்றியும் ஸ்பெயார் வீலைப் பற்றியும் எடுத்துச் சொன்னோம். "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். நம்மிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் தாமத வட்டியை நிறுத்தவும், மீதியை மாதாமாதம் வாங்கிக்கொள்ளவும் சம்மதித்தார்கள். அசல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து காசு அனுப்புகிறார். அனுப்பாத மாதத்தில் தாயின் சம்பளத்திலிருந்து போகிறது.

அரைமணி நேரம் படம் எடுத்து, ஒரு பிரதி வாங்கியிருந்தால் அந்தத் தொகை எவ்வளவு குறைந்திருக்கும் என்று நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் பேசுவதற்கு நமக்கு ஒரு வாய் இருந்திருக்கும்.

கடிதம் வந்த பிறகு நமது அலுவலகத்துக்கு வருபவர்கள் அதிகம். கடிதம் வருவதற்கு முன்னால் வாருங்கள். தவணை தவறத் தொடங்கும்போதே வாருங்கள். பிணைக்குக் கையெழுத்துப் போடும்படி பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்கும்போதே வாருங்கள். காகிதத்தை வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். அதற்குக் காசு இல்லை, வெட்கப்படவும் தேவையில்லை.

நினைவில் வையுங்கள்

வண்டியைக் கொடுப்பதால் மட்டும் கடன் தீராது.
கொடுப்பதற்கு முன் முழுக் கடன் தொகையை எழுத்தில் கேளுங்கள்.
கம்பனிக்குத் தெரியாமல் வண்டியைக் கைமாற்றாதீர்கள்.
கழுவுங்கள், சின்னக் குறையைத் திருத்துங்கள், படம் எடுங்கள்.
வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். பிரதி இல்லாமல் திரும்ப வேண்டாம்.
பிணை நின்றவருக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடிதம் அவருக்கும் வரும்.